உடைந்தாலும் விழாத சுவர்

வணிக வளாகங்களில் கண்ணாடி லிஃப்டுக்குத் தனி மவுசு. பக்கத்திலேயே எஸ்கலேட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும், பிள்ளைகள் பெரியவர்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது கண்ணாடி லிஃப்டுக்குத்தான். இந்த மோகத்தைப் பெரிய அளவில் கிளப்பிவிட்டவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஜான் போர்ட்மேன். 1967-ல் அட்லாண்டா நகரில் திறக்கப்பட்ட ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் நடுவே 22 மாடி உயரத்துக்கு வெட்டவெளி விட்டு, அதில் விளக்கு பூட்டிய கண்ணாடி லிஃப்டுகளை ஏறி இறங்க வைத்தார். சுவருக்குள் ஒளிந்து கிடந்த இயந்திரம் வேடிக்கைப் பொருளானது. லண்டனில் 1986-ல் திறந்த லாயிட்ஸ் கட்டடத்தில் ரிச்சர்ட் ரோஜர்ஸின் கணக்கு வேறு. லிஃப்ட், படிக்கட்டு, குழாய் எல்லாவற்றையும் வெளிப்புறத்துக்குத் தள்ளிவிட்டால், உள்ளே அலுவலகத் தளம் தடையில்லாமல் விரிந்து கிடக்குமே!

சரி, கண்ணாடியை நம்பியா பத்து மாடி ஏறுகிறோம்? பாரத்தைச் சுமப்பது எஃகுச் சட்டம். கேபினை இழுப்பது எஃகு வடங்கள். கண்ணாடிக்கு இருக்கும் பொறுப்பு ஒன்றுதான்: ஆள் சாய்ந்தாலும், தள்ளுவண்டி இடித்தாலும், விரிசலே விட்டாலும்கூட இடத்தை விட்டுக் கழன்றுவிடக் கூடாது.

அதனால்தான் எந்த ரகக் கண்ணாடி என்பது முக்கியமாகிறது. சந்தையில் பலரும் கேட்டு வாங்குவது டஃபன்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து இதைச் செய்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். பிறகு மெதுவாகக் குளிரும் உட்பகுதி சுருங்கும்போது, இறுகிய மேற்பரப்பையும் உள்நோக்கி இழுத்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை மீறினால்தான் விரிசல் உள்ளே போக முடியும். ஆனால் ஒருமுறை போய்விட்டால் தகடு முழுவதும் கல்கண்டு போலப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். துண்டுகள் கையைப் பெரிதாகக் கிழிக்காது, உண்மைதான். ஆனால் சுவர் இருந்த இடத்தில் ஓட்டை அல்லவா இருக்கும்?

அதற்குத்தான் லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸின் கையிலிருந்து 1903-ல் தவறி விழுந்த குடுவை ஒன்று, உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தால் உடைந்தும் சிதறாமல் கிடந்ததிலிருந்து பிறந்த யோசனை இது. லிஃப்ட் கேபினின் கண்ணாடிச் சுவர் லேமினேட்டட்தான் என்று ஐரோப்பியத் தர விதி கறாராகச் சொல்கிறது. கண்ணாடி தரைக்கு அருகே வரை இறங்கினால் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். அந்தக் கம்பியைக் கண்ணாடியில் பொருத்தக் கூடாது.

எடைக்கணக்கும் உண்டு. 10 மில்லிமீட்டர் கனக் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 25 கிலோ. மூன்று பக்கச் சுவருக்கு 9 சதுர மீட்டர் என்று வைத்தால் 225 கிலோ, அதாவது மூன்று ஆள் எப்போதும் ஏறியே இருப்பது போல. எதிர் எடையைக் கூட்டி மோட்டாரின் சுமையைச் சமன்செய்துவிடலாம். வடமும் பிரேக்கும் மட்டும் அந்தக் கூடுதல் எடையைச் சுமந்தே ஆக வேண்டும். சாதாரண லிஃப்டுக்குப் போட்ட வடிவமைப்பில் பிறகு கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம் என்பது தப்புக் கணக்கு.

கட்டட உரிமையாளர்கள் கடைசியில் யோசிப்பது வெயிலை. வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடி, சூடான பொருள்கள் திருப்பி அனுப்பும் வெப்பக்கதிரை எளிதில் வெளியே விடாது. மேற்கு பார்த்த லிஃப்ட் கூண்டுக்கு உச்சியில் காற்றுப்போக்கு வைக்காவிட்டால், பிற்பகலில் ஆள் மட்டுமல்ல, மின்னணுச் சாதனங்களும் தவிக்கும்.

வழவழப்பான கண்ணாடிக் கதவில் இன்னொரு தொல்லை. குழந்தைகள் உள்ளங்கையை அதில் அழுத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கதவு நகரும்போது உராய்வு கையையும் இழுத்துக்கொண்டு இடுக்குக்குள் செருகும். கதவின் கீழ்ப்பகுதியை மங்கலாக்குவது, விரலை உணர்ந்து நிறுத்தும் கருவி வைப்பது போன்ற ஏற்பாடுகள் இதற்காகவே. அவை எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். தளம் வந்ததும் பிள்ளையின் கையைக் கதவிலிருந்து எடுத்து உங்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.