ஒன்றரை அஞ்சலட்டை

நகரியில் ஒரு பங்ச்சர் கடை வாசல். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் ஒன்று நிற்கிறது. கம்பெனி கொடுத்த உயரம் போதாதென்று இரண்டு அங்குலம் ஏற்றியிருக்கிறார்கள். மாந்தோப்புக்காரருடைய வண்டி. “தூக்கினது தூக்கியாச்சு. நல்லா அகலமா டயர் போட்டுட்டா மண்ணுல பிடிக்கும் இல்லண்ணா?” என்கிறார் அவர்.

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. ஒரு கை செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்தார். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் பட்டன்கள்மேல் குழம்பைப் பூசி, அடியில் பழைய தினத்தாளை விரித்து இறக்கினார். மறுபடி தூக்கியபோது தாளில் சிவப்பாக ஒரு கட்டம். குறுக்கே 20 சென்டிமீட்டர், நெடுக்கே 10. ஒன்றரை அஞ்சலட்டை அளவு. அத்தனை பெரிய வண்டி இப்படி நாலு கட்டங்களின்மேல்தான் நிற்கிறது.

அந்தக் கட்டத்தின் பரப்பை முடிவு செய்வது டயரின் அகலம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, உள்ளே இருக்கும் காற்று. வண்டி இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 500 கிலோ. 35 பிஎஸ்ஐ காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ தாங்கும். 500-ஐ இரண்டரையால் வகுத்தால் 200 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் கணக்கு முன்னே பின்னே இருக்கும். ஆனால் அகலத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதே காற்றில் அகல டயர் மாட்டினால் கட்டம் குறுக்கே நீளும், நெடுக்கே குறுகும். பரப்பு ஏறக்குறைய அதேதான்.

இந்த வண்டி வெளியூர்ச் சரக்கு அல்ல. இசுசுவின் தொழிற்சாலை ஸ்ரீசிட்டியில் 2016-இல் திறந்தது. வரதையபாளையம் பக்கம் சின்னபாண்டூரில் அப்போலோவின் டயர் தொழிற்சாலை 2020-இல் ஓடத் தொடங்கியது. இரண்டும் அப்போது நகரியைப் போலவே சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. 2022-இல் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன.

வி-கிராஸின் டயரில் 255/60 R18 என்று இருக்கும். 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபது. அதாவது 153 மில்லிமீட்டர். 18 என்பது ரிம், இது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் இரண்டு அளவு முறைகளைக் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ! எல்லாம் கூட்டினால் டயரின் மொத்த உயரம் 763 மில்லிமீட்டர்.

உயரம் ஏற்றிய வண்டிக்கு இரண்டு அளவுகளைப் பார்க்கலாம். 265/65 R18 போட்டால் உயரம் 802. 285/60 R18 போட்டால் 799. உயரத்தில் வித்தியாசமே இல்லை எனலாம். அகலத்தில் இரண்டு சென்டிமீட்டர். கேள்வி அந்த இரண்டு சென்டிமீட்டரைப் பற்றியதுதான்.

அதற்குமுன் ஒரு விஷயம். லிஃப்ட் செய்தால் உயர்வது பாடி மட்டும். பின் ஆக்சிலும், அதன் நடுவில் பானைபோல் தொங்கும் கிரவுன் பெட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும். வரப்பில் இடிப்பது அதுதான். அதை மேலே தூக்க டயரின் உயரம் ஒன்றால்தான் முடியும். 763-க்கும் 802-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆகவே தோப்புக்காரருக்குத் தேவை உயரமான டயர். அகலம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆசை.

மழைக்குப் பிந்தைய மாந்தோப்பில் மேலே நாலு விரற்கடை சேறு, கீழே கெட்டித் தரை. ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும். அகலமானது சேற்றின்மேல் மிதந்து வழுக்கும். தார்ச்சாலை மழையிலும் அப்படித்தான்: அகலம் கூடக் கூட ஓரத்துக்குத் தள்ளவேண்டிய தண்ணீரும் கூடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 285 உள்பக்கம் உரச வாய்ப்பு அதிகம். எடையும் கூடும், டீசலும் இழுக்கும்.

மணல் வேறு. காய்ந்து கிடக்கும் நகரி ஆற்றில் இறங்கினால் அடியில் கெட்டித் தரை என்று எதுவும் அகப்படாது, மிதக்கத்தான் வேண்டும். அங்கே அகலம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் அடுத்துச் செய்ததைப் பாருங்கள். வால்வை அழுத்தி 18 பிஎஸ்ஐக்குக் காற்றை இறக்கினார். மறுபடி செம்மண், புதுத் தாள். அகலம் ஒரு விரலளவுகூடக் கூடவில்லை. நீளம் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் போயிருந்தது. 285 வாங்கியிருந்தால் கிடைக்கிற இரண்டு சென்டிமீட்டரைவிட இது எவ்வளவோ மேல், அதுவும் காசில்லாமல். தார்ச்சாலைக்கு ஏறுமுன் திரும்பக் காற்று பிடித்தாகவேண்டும். தளர்ந்த டயர் வேகத்தில் கொதித்துக் கிழியும்.

எந்த அளவானாலும் பக்கச் சுவரில் சுமை எண்ணைப் பார்த்து வாங்கவேண்டும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். கம்பெனி டயரில் உள்ள எண்ணைவிடக் குறைந்தால், மாங்காய் ஏற்றும் பருவத்தில் வம்பு. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. இரண்டு அங்குல லிஃப்டையே ஆர்டிஓ நிமிர்ந்து பார்ப்பார்.

தோப்புக்காரர் 265 போதும் என்றார். “அப்ப மீட்டரை நம்பாதீங்க. நூறு காட்டுனா நூத்தஞ்சுல போறீங்க” என்றார் கடைக்காரர், தினத்தாளைச் சுருட்டி எறிந்தபடி. கூடவே சிகரெட் லைட்டரில் செருகுகிற சின்ன காற்று பம்பு ஒன்றை எடுத்து சீட்டில் வைத்தார். அதற்குத் தனியாகக் காசு.