காட்டு முலையூட்டிகள்: மாணவர் விடும் தவறுகள்



"வௌவால் ஒரு பறவை", "அழுங்கு ஓர் ஊர்வன", "முள்ளம்பன்றி முள்ளை எய்யும்". இம்மூன்று விடைகளும் பிழையானவை. வன்னியிலோ கிழக்கிலோ வாழும் உங்களுக்கு இவ்விலங்குகள் புதியவையல்ல. ஆயினும், ஊரில் கேட்ட கதையை அப்படியே எழுதிப் புள்ளிகளை இழந்துவிடுகிறீர்கள்.

முதலில் பொது இயல்புகளை நினைவிற் கொள்க. குட்டிக்குப் பாலூட்டலும் உடலில் மயிர் காணப்படலும் முலையூட்டிகளுக்கே உரியவை. மாறா உடல் வெப்பநிலை பறவைகளுக்கும் உண்டு. எனவே அதனை மட்டும் காரணமாக எழுத வேண்டாம்.

1. வௌவால்
உண்மையாகப் பறக்கக்கூடிய ஒரே முலையூட்டி. நீண்ட கைவிரல்களுக்கிடையே விரிந்துள்ள தோலே அதன் இறக்கை. பழந்தின்னி வௌவால்கள் வித்துக்களைப் பரப்புகின்றன. பூச்சியுண்ணும் வௌவால்கள் தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டு இருளில் இரையை அறிகின்றன.

2. அழுங்கு
இதன் செதில்கள் எமது நகங்களைப் போன்று கெரற்றினால் ஆனவை. செதிலற்ற வயிற்றுப்புறத்தில் மயிர் உண்டு. பற்கள் இல்லை. பசைத்தன்மையுள்ள நீண்ட நாக்கினால் எறும்பு, கறையான்களை உண்ணும். தாய் தன் குட்டியை வாலின் அடியில் சுமந்து செல்லும். ஆபத்து நேர்ந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். சிறுத்தையிடமிருந்து தப்ப இது உதவும். மனிதனுக்கோ அதைச் சாக்கில் போட்டுத் தூக்கிச் செல்ல இதுவே வசதியாகிவிடுகிறது. அழுங்கைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றமாகும்.

3. முள்ளம்பன்றி
பெயரில் பன்றி இருப்பினும் இது எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்கு. முட்கள் திரிபடைந்த மயிர்களாகும். அச்சமுற்றால் முட்களைச் சிலிர்த்துப் பின்னோக்கிப் பாயும். முட்கள் இலகுவில் கழன்று எதிரியின் உடலில் தைத்து நிற்பதால், அவற்றை எய்தது போல் தோன்றுகிறது.

4. கரடி
ஊனுண்ணிகளின் வருணத்தைச் சேர்ந்தது. எனினும் பிரதான உணவு கறையான்களும் பழங்களுமே. மேல் நடு வெட்டும் பற்கள் இரண்டும் இல்லாமையால் அந்த இடைவெளியூடாகக் கறையானை உறிஞ்சி எடுக்கும். பாலைப்பழக் காலத்தில் கரடியும் மனிதரும் ஒரே மரத்தை நாடுவர். கரடி அருகில் திடீரென மனிதரைக் கண்டால் அஞ்சித் தாக்கும். ஆகவே பழம் பறிக்கச் செல்வோர் தனியே செல்லாது, பேசிக்கொண்டு கூட்டமாகச் செல்லல் நன்று. இதனை வீட்டிலுள்ளோருக்கும் சொல்லுங்கள். இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று.

பயிற்சி வினாக்கள்
(அ) அழுங்கு ஊர்வன அல்ல என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.
(ஆ) பழந்தின்னி வௌவால்கள் அழிந்தால் காட்டுக்கு ஏற்படும் விளைவு யாது?
(இ) கரடியை அனைத்துமுண்ணி எனக் கூறுவது ஏன்?

விடையை முதலில் சொந்த வசனத்தில் எழுதுங்கள். பின்னர் மேலுள்ள குறிப்புகளுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.