கடலில் இறங்கும் காலுக்கு எந்தச் செருப்பு?



பாசி எடுக்கப் போகும்போது கைவிரலுக்கு மறக்காமல் துணி சுற்றிக்கொள்கிறோம். காலுக்கு? நம்மில் பலருக்கு வீட்டில் கிடக்கும் பழைய செருப்புதான். அதுவும் இல்லாவிட்டால் வெறுங்கால். மன்னார் வளைகுடாவில் பார் ஓரம் கூரான சிப்பியும் கடல் முள்ளெலியும் உண்டு. மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலில் ஒரு முள் ஏறினால் நாலு நாள் வேலை போச்சு, வருமானம் போச்சு. குழுக்கடன் தவணை மட்டும் நமக்காக நிற்காது. அதனால் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பார்ப்போம்.

எவை வேண்டாம்?

ஹவாய் செருப்பு அலை இழுத்தால் கழன்று மிதக்கும். தேய்ந்த அடி, பாசி படிந்த கல்லில் வழுக்கும்.

முழங்கால் வரை உள்ள ரப்பர் பூட்ஸ் வயல் சேற்றுக்கு நல்லது, கடலுக்கு ஆகாது. மேல்வழியாகத் தண்ணீர் புகுந்தால் கால் கனத்துவிடும். விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம், நீந்துவதும் கஷ்டம்.

நீளமான நாடா தொங்கும் ஷூ, மிதவைக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும்.

எப்படி இருக்க வேண்டும்?

1. விரலையும் குதிகாலையும் மூடி, காலோடு பிடித்திருக்க வேண்டும்.
2. அடி தடிமனாக, வரிவரியாக இருக்க வேண்டும்.
3. புகுந்த தண்ணீர் உடனே வடிய வேண்டும்.
4. நனைந்தாலும் கனக்கக் கூடாது.

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் கடலுக்குப் போகிறவர்கள், நியோப்ரீன் என்ற ரப்பரில் செய்த காலணி போடுகிறார்கள். அது விலை கூடுதல். நமக்கு ஒட்டுப்பட்டை வைத்த, ஓட்டை உள்ள ரப்பர் ஷூ போதும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். முதலில் கரையோரத் தண்ணீரில் நின்று காலை நன்றாக உதறிப் பாருங்கள். கழன்றால் அது வேண்டாம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள்.

எந்தச் செருப்பும் திருக்கை முள்ளை முழுசாகத் தடுக்காது. அதனால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். அசைவு தெரிந்து திருக்கை விலகிப் போகும்.

முள் குத்திவிட்டால்?

திருக்கை, கெளுத்தி முள் என்றால் சுமார் 45 டிகிரி சூட்டில், பொறுக்கும் அளவு வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வையுங்கள். வலி குறையும். சூட்டை அடிபடாத காலால் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவாதீர்கள். ஆழமாக ஏறிய முள்ளை நாமே பிடுங்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையம் போய்க் காட்டி, டி.டி. ஊசி பற்றியும் கேளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள சகோதரிகளுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். காயம் பட்டதே தெரியாது. கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்கும்படி ஆகலாம். கரை ஏறியதும் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். கால் அளவு எடுத்து மொத்தமாக வாங்கினால் விலையும் குறைத்துக் கேட்கலாம். கையில் பணம் இல்லாத உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்கலாமே!