குவைத் நாடான வழி: அப்பாசியா வகுப்பறைகளுக்கு ஒரு பாடம்

குவைத்தின் தேசிய நாள் பிப்ரவரி 25 என்பதால், அப்பாசியாவில் இந்தியப் பாடத்திட்டத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அதையே நாடு விடுதலை பெற்ற நாளாக எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் அது 1950இல் ஷேக் அப்துல்லா அல் சாலிம் ஆட்சிப் பொறுப்பேற்ற நாள். பிரிட்டனின் பாதுகாப்பு ஏற்பாடு முடிவுற்றது 1961 ஜூன் 19 அன்று. அந்த ஜூன் நாளிலேயே குவைத் முழுமையான நாடாகிவிட்டதா என்ற வினா, ஒரு நிலப்பகுதி எவ்வாறு நாடாகிறது என்பதைக் கற்பிக்க மிகப் பொருத்தமான தொடக்கமாகும்.

1899 ஜனவரியில் ஷேக் முபாரக் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அதன் இசைவின்றி நிலத்தை எவருக்கும் விட்டுக்கொடுப்பதோ பிற நாட்டுத் தூதர்களை ஏற்பதோ கூடாது. அதாவது உள்நாட்டு ஆட்சி ஷேக்கிடம் இருக்க, வெளியுறவு பிரிட்டனின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. இத்தகைய அரசைக் காப்பரசு என்பர். அன்று வளைகுடா விவகாரங்களைப் பெருமளவு கவனித்தது பிரிட்டிஷ் இந்திய அரசே. குவைத்தின் சந்தைகளில் 1961 ஏப்ரலில் தினார் வரும்வரை ரூபாயே புழங்கியது. இந்தத் தொடர்பை இந்தியப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவது பாடத்துக்கே இழப்பு.

நாடு என்பதற்கு 1933ஆம் ஆண்டின் மான்டெவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைக் குறிப்பிடுகிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவுகொள்ளும் ஆற்றல். 1961 ஜூன் 19 அன்று கடிதப் பரிமாற்றத்தின் மூலம் 1899 உடன்படிக்கை முடித்துவைக்கப்பட்டபோது நான்காவது தகுதியும் குவைத்துக்குக் கிட்டியது. ஆனால் ஆறே நாளில் ஈராக்கின் ஆட்சியாளர் அப்துல் கரீம் காசிம் குவைத் தம் நாட்டின் பகுதி என்று உரிமை கோரினார். ஷேக்கின் வேண்டுகோளின்படி ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கின. அதே மாதம் 20ஆம் தேதி அரபு லீக் குவைத்தை உறுப்பினராக ஏற்றது. பின்னர் அதன் படை பிரிட்டிஷ் படையின் இடத்தைப் பிடித்தது. நவம்பரில் ஐ.நா. உறுப்புரிமைக்கான முயற்சியைச் சோவியத் ஒன்றியம் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தது. இடைக்காலத்தில் அரசியலமைப்பு நிர்ணய மன்றம் கூடி, 1962 நவம்பர் 11 அன்று அரசியலமைப்பு வெளியாகி, 1963 ஜனவரியில் முதல் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தேறியது. பிப்ரவரியில் காசிம் வீழ்ந்தபின், மே 14 அன்று குவைத் ஐ.நா.வின் 111ஆவது உறுப்பினரானது; அக்டோபரில் ஈராக்கும் அதன் சுதந்திரத்தை ஏற்றது.

தகுதிகள் நிறைந்தாலே நாடு உண்டு, பிறர் ஏற்பது அதற்கான சான்று மட்டுமே என்பது சட்ட அறிஞர்களில் ஒரு சாராரின் நிலைப்பாடு. பிறர் ஏற்பதால்தான் நாடு உருவாகிறது என்பது மறுசாராரின் வாதம். முதல் கருத்தே வலுவானது. மறுதரப்பு வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டால், ஈராக் மறுத்த இரண்டாண்டும் குவைத் மக்களுக்கு நாடே இல்லை என்றாகிவிடும். எனினும் அந்த இரண்டாண்டின் அச்சம் உண்மையானது. அதை நீக்கியது அங்கீகாரமே. எனவே ஆசிரியர் ஒரே தேதியை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, 1899, 1961, 1963 ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதி மாணவர்களை வாதிடவிடுவது பயனுள்ளது.

இந்தியப் பாடநூல் கூறும் மாநில உருவாக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. அரசியலமைப்பின் 3ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் இயற்றும் சட்டமே புதிய மாநிலத்தை உருவாக்கிவிடும்; யூனியன் பிரதேசமாக இருந்த கோவா 1987 மே 30 அன்று மாநிலமானது இவ்வாறே. புதுச்சேரி சட்டப்பேரவை மாநிலத் தகுதி கோரிப் பலமுறை தீர்மானம் இயற்றியும் அத்தகைய சட்டம் வராததால் அது யூனியன் பிரதேசமாகவே நீடிக்கிறது. அங்கே முடிவு டெல்லியின் ஒரே மன்றத்தில்; குவைத்துக்கோ அத்தகைய மேல்மன்றம் எதுவும் இருக்கவில்லை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்துத் தன்னுடன் இணைத்தபோது, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அந்த இணைப்பு சட்டப்படி செல்லாது என 662ஆவது தீர்மானத்தில் அறிவித்தது. அதாவது, நிலம் முழுவதும் பிறர் கையில் இருந்தபோதும் குவைத் என்ற நாடு சட்டத்தின் பார்வையில் அழியவில்லை. ஐ.நா. ஆணையம் வகுத்த எல்லையைப் பாதுகாப்பு மன்றம் 1993இல் உறுதிசெய்தது; ஈராக் அதை ஏற்றது 1994 நவம்பரில்தான்.