டேப் பாதி, டீச்சர் மீதி

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தென்மேற்கு மூலையில், குப்பத்தை ஒட்டியிருக்கிறது சாந்திபுரம் மண்டலம். தமிழ்நாடும் கர்நாடகமும் கிட்டத்தில்தான். வீட்டில் தமிழ் பேசிவிட்டு, பள்ளியில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு.

2022 டிசம்பரில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளின் 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாகச் சுமார் 5.18 லட்சம் டேப்களை (டேப்லெட் கணினிகளை) வழங்கத் தொடங்கியது. பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்களை முன்பே ஏற்றிக் கொடுத்ததால், சிக்னல் இல்லாத ஊரிலும் வீடியோ ஓடியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கருவி கைக்கு வந்தால் படிப்பு வந்துவிடுமா?

பெரு நாட்டில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்றது 2012-இல் வந்த ஆய்வு. டெல்லியில் கதை வேறு. அங்கே மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைப் பயன்படுத்தும் மையங்களில் பள்ளி நேரத்துக்கு வெளியே 90 நிமிட வகுப்பு. பாதி நேரம் கணினி, மீதி நேரம் சிறு குழுவாக உட்கார வைத்து ஒருவர் சொல்லிக்கொடுப்பார். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனின் குழு 619 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். அங்கே 6-ஆம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. மென்பொருள் பாடப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. பிள்ளை நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே வீடியோவைப் போட்டுக் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சரி, டீச்சர் எதற்கு? ஒரு கணக்கைப் பாருங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள் ஒரு மாணவி. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். திரை சரியான விடையையும் வழிமுறையையும் காட்டும். அவள் அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். டீச்சர் பக்கத்தில் வந்து, “அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் குறையுமா?” என்று கேட்டால் கை நின்றுவிடும். 2/5 அரைக்கும் கீழே என்பது அப்போதுதான் உறைக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்க டீச்சருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் டேப் மிச்சப்படுத்தித் தர வேண்டும். பைஜூஸ் நிறுவனமே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. இனி எந்த நிறுவனத்தின் பாடம் வந்தாலும், சாந்திபுரத்துப் பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டியது ஒன்று: யார் எந்தக் கணக்கில் சிக்கினார்கள் என்ற விவரம் மறுநாள் காலை டீச்சர் கைக்கு வருகிறதா?