மடக்குக்கத்தியும் ‘மரபு’ என்னும் அடைமொழியும்

சட்டைப்பையில் வைக்கத்தக்க மடக்குக்கத்திகளை ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் வணிகரும் சேகரிப்போரும் ‘டிரெடிஷனல்’, ‘மாடர்ன்’ என இருவகைப்படுத்துவர். இவற்றை ‘மரபுக் கத்தி’, ‘நவீனக் கத்தி’ எனப் பெயர்த்தல் எளிது. ஆயின் அப்பெயர்ப்பு பழையது, புதியது என்னும் காலப்பொருளையே தமிழில் தரும். மூலத்தில் இச்சொற்கள் முதன்மையாக உணர்த்துவது காலத்தை அன்று, பொறியமைப்பையே ஆகும்.

மரபுக் கத்தியின் அலகு, பிடியின் முதுகிலுள்ள எஃகு வில்லின் அழுத்தத்தால் மட்டுமே விரிந்து நிற்கும், பூட்டு இராது. அலகின் பக்கத்தே வெட்டப்பட்ட சிறு பள்ளத்தில் நகத்தைச் செலுத்தி, இரு கைகளாலும் திறத்தல் வேண்டும். நவீனக் கத்தி ஒரு கையால் திறப்பது, திறந்தபின் பூட்டிக்கொள்வது, பையின் விளிம்பில் மாட்டும் கவ்வி உடையது. அமெரிக்காவின் ஸ்பைடெர்கோ நிறுவனம் 1981-இல் அலகில் வட்டத் துளையும் பிடியில் கவ்வியும் அமைத்து வெளியிட்ட கத்தி இவ்வகைக்கு முன்மாதிரியாயிற்று. எலும்பு, கொம்பு, மரம் ஆகிய பிடிகள் மரபுக்கு உரியனவாகக் கருதப்படினும் அவை தீர்மானிக்கும் கூறுகள் அல்ல. கரியிழைப் பிடியுடன் இன்று செய்யப்படும் கத்தியும், முதுகுவில்லும் நகப்பள்ளமும் இருப்பின், மரபுப் பிரிவில் வைத்து எண்ணப்படுவதுண்டு.

எல்லை எங்கும் தெளிவாக இல்லை. பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890-இல் தோன்றிய ஒப்பினெல் கத்திக்கு 1955-இல் வளையப் பூட்டு சேர்க்கப்பட்டது. எனினும் அதனை நவீனம் என்பார் அரியர். ஜப்பானிய ஹிகோனோகாமியில் முதுகுவில்லும் இல்லை, நகப்பள்ளமும் இல்லை, அதுவும் மரபே. ஆகவே இப்பொருண்மை வகைப்பாடு ஒரு பொதுக்கூற்றால் அன்றி, உறுப்பினரிடையே காணும் குடும்பச் சாயலால் அமைந்தது எனல் பொருந்தும்.

பூட்டும் கவ்வியும் உடையவை பெருகும்வரை பழைய கத்திக்கு அடைமொழியே வேண்டியிருக்கவில்லை. பந்துமுனைப் பேனா வந்தபின் ‘மைப்பேனா’வும், பண்ணைக்கோழி வந்தபின் ‘நாட்டுக்கோழி’யும் பெயர்பெற்றமை இத்தகையதே.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்போர்க்கு இவ்வேறுபாடு அற்பமன்று. இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், வெட்டுமுனை மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குச் சட்டைப்பைக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பதற்கு விலக்கு அளிக்கிறது. பூட்டிக்கொள்ளும் கத்தி எப்போதும் உடனடியாக மடிக்கத்தக்கதன்று என்பதால் இவ்விலக்குள் அடங்காது என ஹாரிஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று. 1998-இல் டீகன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது. இரண்டையும் வேறுபாடின்றி ‘மடக்குக்கத்தி’ என்று பெயர்த்தால், குற்றமாகக் கூடிய செயல் குற்றமற்றதாகத் தோன்றும்.

தமிழில் தகுந்த சொல் முன்னரே உண்டு. இறகுப் பேனா சீவப் பயன்பட்ட கத்தியின் ஆங்கிலப் பெயரை ஒட்டி வந்த ‘பேனாக்கத்தி’, வழக்கில் பூட்டில்லாச் சிறு மடக்குக்கத்தியையே பெரிதும் சுட்டுகிறது. ‘மரபுக் கத்தி’யினும் இது பொருத்தமானது. மற்றதனைப் ‘பூட்டு மடக்குக்கத்தி’ எனலாம். மடங்குவதைக் குறிக்கும் முன்னொட்டும் புதிதன்று. பிடிக்குள் மடங்கும் எழுத்தாணியை ‘மடக்கெழுத்தாணி’ என்றே ஓலையில் எழுதியோர் வழங்கினர்.