காசு போட்டால் ஓடும் வீட்டுக் கருவி

விளையாட்டுக் கூடத்தில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிக்குள், வீட்டு டிவியில் செருகும் கருவியின் பாகங்களே இருப்பது ஏன்? செலவுதான் காரணம். மொத்தமாகத் தயாராகும் சில்லு மலிவு. ஆட்டங்களும் ஏற்கெனவே கைவசம்.

நிண்டெண்டோவின் பிளேசாய்ஸ்-10 (1986) அருமையான உதாரணம். பத்து ஆட்டங்கள் வரை செருகலாம். நேரத்தைக் கவனிக்க இசட்80 என்ற தனிச் செயலி. இரண்டு திரை கொண்ட பெட்டியில், கீழே ஆட்டம் நடக்க, மேலே மீதி நேரம் குறைந்துகொண்டே வரும். தீர்ந்தால் நடு ஆட்டத்திலும் மறுபடி காசு போட வேண்டியதுதான்!

பிளேஸ்டேஷனை ஒட்டி உருவான நாம்கோ சிஸ்டம் 11-இல் 1994-இல் வந்தது டெக்கன் என்ற ஆட்டம். மறு ஆண்டே வீட்டுக்கும் வந்தது. சேகாவின் கூடப் பெட்டியான நவோமி (1998), அதன் வீட்டுக் கருவியான டிரீம்காஸ்டின் அண்ணன்: முதன்மை நினைவகம் 16 மெகாபைட்டுக்குப் பதில் 32.

ஏற்காடு போகும்போது இப்படியொரு பழைய பெட்டி கண்ணில் பட்டால், உள்ளே ஓடுவது எந்தக் கருவி என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.